பாசன ஜலமும் உப்பு அளவு விதியும்

ஜலம் தெளிவாயிருப்பதனாலேயே பயிருக்கு உகந்ததென்று கொள்ளலாகாது. உப்பு மிகுந்த ஜலம் மின்சாரத்தை மிகுதியாய்க் கடத்தும். இக்கடத்துதிறன் பாசன ஜலத்தில் சென்டிமீட்டருக்கு 2250 மைக்ரோமோவுக்கு மேற்படலாகாதென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ளது. இதுவும் தாராளமான எல்லையே. 1954-இல் அமெரிக்க உவர்நில ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட பாகுபாட்டில் மிகக் கடுமையான உவர்ப்பு வகுப்பு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டிலோ, நீர்நிலைகளில் விடப்படும் ஆலைக் கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரை இருக்கலாமென்பது பொதுவிதி. அஃது ஏறத்தாழ 3300 மைக்ரோமோவுக்குச் சமம். ஆகவே விதி பிசகாது விடப்படும் கழிவுநீரும் பாசன எல்லையைத் தாண்டியதேயாம். ஆற்றில் வெள்ளமிருப்பின் உவர்ப்புத் தணியும். வற்றும் ஆறாகிய நொய்யலில் கோடையில் வெள்ளத்துக்கு எங்கே போவது?

1992-இல் பாசனத்தின் பொருட்டுக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதால் அப்பாசனத்துக்கே உதவாது போயிற்று. சுற்றுப்புறக் கிணறுகளும் உவர்த்தன. குடியானவர்கள் வழக்காடியதன் பேரில், கழிவுநீரை அறவே வெளிவிடலாகாதென 2006-இலும், சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியிலும் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அளவு விதிகளை மறுபரிசீலனை செய்வோர் ஆலை வாயிலோடு நில்லாமல், கோடையில் மடைவாயில் ஜலத்தையும் அளந்தறிதல் அவசியம். நிலச்சுவான்தார்கள் கோடையிலும் மழைக்குப் பின்னும், கிணற்றைச் சற்றுநேரம் இறைத்தபின், அந்நீராலேயே அலம்பிய புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, சர்வே எண்ணும் தேதியும் எழுதி, வேளாண்மைத் துறையின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது நலம். வரும் முடிவுகளைக் கிராம அதிகாரிகள் சர்வே எண் வாரியாய்ப் பதிந்து வைக்கலாம்.