சமையல்கட்டுக்கும் வரும் கீல்வாதம்

போகிக்கு நாலு நாள் இருந்தது. பழைய டப்பாக்களைக் கழித்துக் கட்டலாம் என்று அம்மா சிங்க்குக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்தார். திறந்த கதவு மேல் கீலை விட்டுக் கழன்று, கீழ்க் கீல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துத் தொங்கியது. "டேய், கையோடயே வருதுடா!" என்று ஒரு குரல். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். மூன்று கிலோ இருக்குமா அந்தப் பலகை? ஐந்து நிமிஷம் கை நீட்டிப் பிடித்து நின்றபோதுதான், அந்த இரண்டு கீல்களும் இத்தனை வருஷம் என்ன பாடு பட்டிருக்கும் என்பது தோள்பட்டையில் தெரிந்தது.

ஆசாரிக்குப் போன் போட்டேன். "பொங்கல் கழிச்சு வர்றேன் தம்பி, அதுவரைக்கும் கழட்டி ஓரமா வைங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. தை பிறந்தால் தஞ்சாவூரைச் சுற்றி எத்தனை கிரகப்பிரவேசம்! அத்தனை வேலையையும் போட்டுவிட்டு ஒற்றைக் கதவுக்காக ஒரு ஆள் வந்து போவது அவருக்கும் கட்டுப்படியாகாது, நமக்கும் ஆகாது. இந்த மாதிரி வேலை கடைசியில் வீட்டு மனுஷர் தலையில்தான் விழும்.

கீல் என்றால் மூட்டு. முழங்காலுக்கு வைத்தியர் சொல்கிற கீல்வாதத்தில் இருப்பதும் இதே கீல்தான். நோயும் கிட்டத்தட்ட ஒன்றே: பாரம் விழுகிற மூட்டில் தேய்மானம். கதவைச் சுற்றியுள்ள சொற்களோ கடல் கடந்தவை. அலமாரி, சாவி, ஜன்னல் மூன்றும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் பிடிக்கும்வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில்தான் இருந்தது. மலையாளிகள் கீலையே 'விஜாகிரி' என்கிறார்கள். அதுவும் போர்த்துகீசிய 'பிசாக்ரா'வின் வழி வந்ததுதான். மரச் சாமானோடு சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் சமையல்கட்டுக் கதவுக்குக் கீலே கிடையாது. பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் முளை விட்டுச் செதுக்கியிருப்பார்கள். அதற்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி படியில் வெட்டிய குழியில் உட்காரும். மேல்குடுமி நிலையில் துளைத்த ஓட்டைக்குள் நிற்கும். பழைய கோயில் வாசல்களில் கல்லின் மூலையைக் குனிந்து பார்த்தால், சின்னக் கிண்ணம் போல வழவழவென்று தேய்ந்த குழி தென்படும். மரக்கதவு எப்போதோ மக்கிப் போயிருக்கும், குழி மட்டும் இருக்கும். குடுமிக் கதவின் பாரம் நேரே கீழே இறங்கித் தரைக்குப் போய்விடுகிறது. கிரீச்சிட்டால் நாலு சொட்டு விளக்கெண்ணெய் போதும். அது காலூன்றி நிற்கிற கதவு. இன்றைய அலமாரிக் கதவுக்குக் கால் கிடையாது. தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தொங்குகிறது. அதன் எல்லா வியாதிக்கும் மூலம் அங்கேதான் இருக்கிறது.

தாத்தா வீட்டில் அலமாரிக் கதவு என்ற பேச்சே எழவில்லை. உப்பு மாடத்தில், தயிர் உறியில், நெல் பத்தாயத்தில். பத்தாயத்தின் அடியில் நெல் எடுக்கிற வாயை ஒரு சிறு பலகை அடைத்திருக்கும். காடிக்குள் மேலே தூக்கினால் நெல் சரியும், விட்டால் நிற்கும். ஒரு போக விளைச்சலை அடக்கிய பெட்டியின் கதவுக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது.

இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி வேறு ஊர்க்காரி. 1926-இல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறை அது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சுமார் 10,000 வீடுகளில் அமைத்தார்கள். அரிசி, சர்க்கரைக்கெல்லாம் இழுத்து அப்படியே கவிழ்த்துக் கொட்டும்படி அலுமினியப் பெட்டிகள் வைத்திருந்தார் அந்த அம்மாள். நம் பத்தாயத்து வாயைப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நமக்கு அது நேராக வந்து சேரவில்லை. முதலில் கடப்பாக் கல் தட்டுகள் வந்தன. பிறகு பல்லியும் கரப்பானும் வருகிறதென்று அந்தத் தட்டுகளுக்கு முன்னால் சட்டம் அடித்துக் கதவு போட்டோம். அப்புறம்தான் மைக்கா ஒட்டிய பெட்டிகளும், வெளியே தெரியாத கீல்களும். கடையில் ஆட்டோ ஹிஞ்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். கதவின் பின்பக்கம் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குழி. அதில் உட்காரும் கிண்ணம். அதிலிருந்து நீளும் ஒரு கை. அந்தக் கையைப் பெட்டியின் பக்கப்பலகையில் பிடித்து நிறுத்தும் தகடு. அவ்வளவுதான் அதன் உடம்பு. புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கதவு பலகையை முழுதாக மூடுகிறதா, பாதியா, உள்ளே அடங்கி நிற்கிறதா என்பதைப் பொறுத்துக் கையின் வளைவு மாறும். கடைக்காரர் 'ஜீரோவா, எட்டா, பதினாறா' என்று கேட்பது அந்த வளைவைத்தான்.

எல்லாத் தொங்கலும் கழன்ற தொங்கல் அல்ல. ஜோடிக் கதவை மூடிவிட்டு எதிரே நின்று நடு இடைவெளியைப் பாருங்கள். மேலே முட்டிக்கொண்டு கீழே அகன்றிருந்தால் ஏதோ ஒரு கதவு தலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கீல் கெட்டியாக இருந்தும் இப்படி இருந்தால் திருகினாலே சரியாகிவிடும். கையில் முன்னும் பின்னுமாக இரண்டு ஸ்க்ரூ தெரியும். கதவை ஒட்டியிருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் இருப்பதைத் தளர்த்தினால் கதவு முன்னே பின்னே போகும். ஏற்றி இறக்கத் தகட்டின் ஸ்க்ரூக்கள். மேல் கீலின் முன் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பாருங்கள். தப்பான பக்கம் போனால் எதிர்ப்பக்கம் கால் சுற்று. ஒரே மூச்சில் நாலு சுற்று சுற்றுகிறவர்களுக்குச் சாயங்காலம்வரை வேலை உண்டு.

திருப்புளி விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறோம். கீலோடு வருகிற ஸ்க்ரூ பலவற்றின் தலையில் ஸ்டார் குறிக்கு நடுவே இன்னும் நாலு மெல்லிய கோடுகள் இருக்கும். அதற்கென்று தனி முனை உண்டு. சாதா ஸ்டார் திருப்புளியை வைத்து அழுத்தினால் வழுக்கும், வழுக்க வழுக்கத் தலை மழுங்கும். மரை கழன்றது என்று மனுஷரைச் சொல்கிறோமே, அந்த நிலைக்கு ஸ்க்ரூவை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

எங்கள் வீட்டுக் கதவு இந்த எளிய கட்டத்தையெல்லாம் தாண்டியிருந்தது. மேல் கீல் தகட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. பக்கப்பலகையில் வாய் பிளந்த இரண்டு ஓட்டை. மேல் கீல்தான் முதலில் போகும். தொங்குகிற பலகை மேல் கீலை வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே அழுத்துகிறது. ஓட்டைக்குள் விரல் விட்டால் புட்டு மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்தது. வெளியே பளபளவென்று தேக்கு நிற மைக்கா, உள்ளே பார்ட்டிகிள் போர்டு. தரையில் கிடந்த ஸ்க்ரூவோ கறுப்பு. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற ஸ்க்ரூ அது. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். சிங்க் பக்கம் அதற்கு ஆயுசு எத்தனை என்று கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் பக்கத்துக் கதவு இதேபோல் ஆடியபோது நான் செய்த வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூ பிடிக்கவில்லையா, நீளமாகப் போடு என்று 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூவை முடுக்கினேன். கெட்டியாகப் பிடித்தது. பலகையின் கனம் 18 மில்லிமீட்டர் என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை. மறுநாள் அடுத்த அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பா எடுக்கப் போன அம்மாவின் கையை முனை கீறியது. அந்தக் கையோடு மிளகாய்த்தூளைத் தொட்டதற்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை அச்சில் ஏற்ற முடியாது.

ஸ்க்ரூ கடிப்பதற்கு அங்கே மரம் இல்லாததுதான் கோளாறு. ஆகவே மரத்தைத் திரும்ப வைக்க வேண்டும். ஓட்டை கொஞ்சம்தான் தளர்ந்திருந்தால் எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சியே போதும். மூங்கில் அல்லவா? மூன்று நாலை ஃபெவிகாலில் தோய்த்து இறுகச் சொருகி, மட்டமாக நறுக்கிவிடலாம். எங்கள் ஓட்டை அதற்கெல்லாம் அடங்காது. முளை அடிக்க வேண்டியிருந்தது.

பரணில் பூவரசுக் கட்டை ஒன்று கிடந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டபோது எங்கள் கொல்லையிலும் ஒரு பூவரசைச் சாய்த்தது. தாத்தா அறுத்து அடுக்கியதில் மிச்சம். அதில் விரல் கனத்துக்குச் சீவி, உருட்டி, உப்புத்தாளில் தேய்த்து, 8 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு முளை செய்தேன். டிரில் முனையில் 12 மில்லிமீட்டர் அளந்து டேப் சுற்றிக்கொண்டேன். மிளகாய்த்தூள் பாடம் மறக்கவில்லை. பிளந்த ஓட்டைகளைத் துளைத்து உருட்டையாக்கி, தூளை ஊதி வெளியேற்றி, உள்ளே பசை தடவி, முளையைத் தட்டி இறக்கினேன். வழிந்த பசையை ஈரத்துணியால் அப்போதே துடைத்தாயிற்று; காய்ந்தால் மைக்காவில் வெள்ளையாக நிற்கும். அதற்கப்புறம்தான் கஷ்டமான வேலை: ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருப்பது. பசை மேலே காய்ந்ததைப் பார்த்து மாலையிலேயே ஸ்க்ரூ போட்டால் முளையும் சேர்ந்து சுற்றும்.

மறுநாள் முளையின் நடுவில் மெல்லிய டிரில்லால் வழி போட்டு, 16 மில்லிமீட்டர் ஸ்டீல் ஸ்க்ரூவைக் கையால் முடுக்கினேன். மெஷினால் முடுக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கடைசிச் சுற்றில் மரம் இறுகிக் கடிப்பது மணிக்கட்டுக்குத் தெரியும். அதற்கு மேல் அரைச் சுற்று திருப்பினாலும் மறுபடி மாவுதான். கதவை மாட்டும்போது ஒருவர் தாங்க, மேல் கீல் முதலில், கீழ்க் கீல் பிறகு. கழற்றும்போது தலைகீழ்.

முளை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. சிங்க்குக்கு அடியில் நீர் ஊறி இட்லி போல உப்பிய பார்ட்டிகிள் போர்டில் எந்தப் பசையும் நிற்காது. அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது, ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் இந்த ஊர் ஈரத்துக்குத் தாங்கும். ஓட்டையில் மண் தெரிந்தால் வந்திருப்பது கரையான். முதலில் அதைப் பாருங்கள். பிவிசி கதவில் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாமல் ஊடுருவத் துளைத்து நட்டு போல்ட் போட்டுவிடுவது நல்லது. கடப்பாக் கல்லுக்கு முன்னால் அடித்த சட்டமே சுவரை விட்டு ஆடுகிறது என்றால் கீலை என்ன திருகினாலும் வீண்; சுவரில் புதிய பிளக் அடிக்க வேண்டும். எண்ணெய் போடுகிறவர்கள் தேங்காயெண்ணெயை விட்டுவிடுங்கள். தாளிப்புப் புகையோடும் மாவுத் தூசியோடும் சேர்ந்து அது பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அசல் மரக் கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு உப்பி உரசும். உடனே இழைப்புளியை எடுத்துவிடாதீர்கள். அப்போது சீவினால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கி, அந்தச் சந்தில் எலி போகும். தை, மாசியில் மழை விட்டுப் பலகை காய்ந்தபிறகு பார்த்து, அப்போதும் உரசினால் சீவலாம்.

இதெல்லாம் முடிந்தபிறகு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. பதினொரு கதவு இருக்க, இது மட்டும் ஏன் பிய்ந்தது? கைப்பிடியின் கீழே மைக்காவில் நீர் வடிந்த தாரை ஒன்று தெரிந்தது. அம்மா கரித்துணியைப் பிழிந்து மாட்டுகிற இடம் அது. கீலுக்கு எட்டத்தில், கதவின் கடைக்கோடியில், ஈரத்துணியின் பாரம். பாத்திரம் கழுவும்போது ஈரக் கையைத் துடைக்க அதை வெடுக்கென்று இழுப்பது வேறு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை! சுவரில் ஒரு கொக்கி அடித்து, "துணியை இனிமே இதுல மாட்டும்மா" என்று சொல்லிவைத்தேன்.

பொங்கலன்று காலை வெல்ல டப்பாவுக்காக அம்மா கதவைத் திறந்தார், மூடினார். சத்தமே இல்லை. மறுபடி ஒரு தரம் திறந்து மூடிப் பார்த்தார். "ஆசாரிக்குச் சொல்லிடு, வர வேணாம்னு" என்றபடி கரித்துணியைப் பிழிந்து, அதே கைப்பிடியில் மாட்டினார்.