பாறைக்குப் பக்கத்திலா, ரயிலுக்குப் பக்கத்திலா?

பாறை ஏறும் பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடும்போது குடும்பமே சேர்ந்து போடவேண்டிய ஒரு கணக்கு

வீடு பார்க்கப் போனால் நம் குடும்பங்களில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம்? கோயில் பக்கமா? வேலைக்குப் போக எத்தனை டோல் கட்டவேண்டும்? வெள்ளம் ஏறும் இடமா? இப்போது சில வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "அங்கிருந்து பாறைக்கு எவ்வளவு தூரம்?"

கேட்பவர்கள் பாறை ஏறும் இளைஞர்கள். பெற்றோருக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால், வாரத்தில் மூன்று நாள் ஒரு விளையாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு, அந்த விளையாட்டு தொடருமா அல்லது ஆறே மாதத்தில் நின்றுவிடுமா என்பதை வீடு இருக்கும் இடம்தான் முடிவு செய்கிறது. வேலை முடிந்து, நெரிசலில் சிக்கி, இரவு எட்டரைக்கு வீடு சேருபவர் மறுபடியும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டார்.

ஆகவே இந்தக் கேள்வியைத் தள்ளிவிடாமல், சரியான கணக்கைப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

நாம் பார்க்காத மறுபக்கம்

பத்துமலை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 272 படிகள், 2006-இல் திறப்பு விழா கண்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, தைப்பூசக் காவடிகள். அதே மலையின் மறுபக்கத்துக்குக் குவா டாமாய் என்று பெயர். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் கயிறும் தலைக்கவசமுமாக இளைஞர் கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம்.

ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புப் பாறை அது. மழைநீர் கரைத்துக் கரைத்து, விரல் நுழையும் குழிகளையும் கைப்பிடி போன்ற விளிம்புகளையும் உண்டாக்கியிருக்கிறது. ஏறுபவர்களுக்கு வேண்டியது அதுதான். பாறையில் துளையிட்டு எஃகு ஆணிகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஏறுபவர் ஒவ்வோர் ஆணியிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவார். கீழே நிற்கும் துணைவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மேலே இருப்பவர் கை நழுவினால் கயிறு தாங்கிக்கொள்ளும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட தடங்கள் பத்துமலைச் சுவர்களில் உள்ளன. முதல் நாள் வருபவருக்கும் தடம் உண்டு. பத்து ஆண்டுகள் பயிற்சி பெற்றவரைத் திணறவைக்கும் தடமும் உண்டு.

இன்னும் வடக்கே, ராவாங் போகும் வழியில், தெம்ப்ளர் பூங்காவுக்கு அருகில் புக்கிட் தாக்குன் நிமிர்ந்து நிற்கிறது. அது அனுபவசாலிகளுக்கான மலை.

மழை நாளுக்கும் வேலை நாளுக்கும் உள்ளரங்கக் கூடம் இருக்கிறது. பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமாவில் உள்ள ஒன் உத்தாமா பேரங்காடியில் 2005-ஆம் ஆண்டு கேம்ப் ஃபைவ் கூடம் திறக்கப்பட்டது. குளிர்சாதன வசதியுடன் உயரமான செயற்கைச் சுவர்கள். பிறகு வேறு சில பேரங்காடிகளிலும் அதன் கிளைகள் வந்தன. 2016 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் பண்டார் உத்தாமாவுக்கு வந்தபோது கார் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது. 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

"இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால்பதித்த மலேசியர்கள் இருவர். ஒருவர் எம். மகேந்திரன், மற்றவர் என். மோகனதாஸ். இருவரும் நம்மவர்கள்தான்.

ஒரு ஞாயிறா, ஐந்து வேலை நாட்களா?

பாறை ஏறும் ஆசையில் வீடு தேடுபவர் முதலில் நினைப்பது, "பத்துமலைக்குப் பக்கத்திலேயே போய்விடலாம்" என்பதுதான். வேலை செய்யும் இடம் செலாயாங், கெப்போங், கோம்பாக் பக்கம் என்றால் அது சரியான முடிவு. வேலை பெட்டாலிங் ஜெயாவிலோ சுபாங்கிலோ இருந்தால் கணக்கு வேறு.

ஒருவர் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறார். இரண்டு மாலைகள் கூடத்தில் பயிற்சி. ஒரு நாள் பாறை. பாறைக்குப் பக்கத்தில் குடியேறுவதால் வேலைக்குப் போக 45 நிமிடமும் வர 45 நிமிடமும் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைகளைக் கழித்து ஆண்டுக்கு 48 வாரம் என்றால், மொத்தம் 360 மணி நேரம். அதாவது முழுதாக 15 நாள் சாலையிலேயே கழிகிறது. பதிலுக்கு ஞாயிறு தோறும் மிச்சமாவது போக அரை மணி, வர அரை மணி. ஆண்டுக்கு 48 மணி நேரம். கூட்டிக் கழித்தால் லாபம் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பாறைக்கு அருகில் வீடு தேடுவதில்லை. வேலைக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் இடைப்பட்ட வழியில் தேடுகிறார்கள். பாறைக்கு அருகில் வீடு எடுப்பதைவிட, பாறைக்குப் போகத் தெம்போடு இருக்கிற மாதிரி வீடு எடுப்பதே முக்கியம்.

வட்டாரம் வட்டாரமாக

பெட்டாலிங் ஜெயா, பண்டார் உத்தாமா: வேலை முடிந்து நேரே கூடத்துக்குப் போகலாம். பத்துமலை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஞாயிறு அதிகாலையில் எல்டிபி நெடுஞ்சாலையில் கெப்போங் வந்து, எம்ஆர்ஆர்2 பிடித்தால் சிரமமில்லை. அதே வழியை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எஃபிங்காம் தமிழ்ப்பள்ளியும் பண்டார் உத்தாமாவில்தான் இருக்கிறது. சிக்கல் வாடகைதான். தனியாக ஒரு வீட்டை எடுப்பது சுமை என்பதால் நண்பர்கள் சேர்ந்து எடுப்பது வழக்கம்.

பிரிக்பீல்ட்ஸ்: கார் இல்லாத இளைஞர்களுக்கு மிகப் பொருத்தமான இடம் இதுவாகத்தான் இருக்கும். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் பத்துமலைக்கே போகிறது. ஆனால், ரயில் அடிக்கடி வராது. அட்டவணையைப் பார்த்துத்தான் புறப்படவேண்டும். பத்துமலை நிலையம் கோயில் வாசலில் இருக்கிறது, பாறைச் சுவர் மலைக்கு மறுபக்கம். அங்கிருந்து கிராப் எடுத்தாக வேண்டும்.

செந்தூல், கம்போங் பத்து: இந்த இரண்டு இடத்தையும் பலர் யோசிப்பதில்லை. பத்துமலை கொமுட்டர் இரண்டிலும் நிற்கும். கம்போங் பத்துவில் எம்ஆர்டி புத்ராஜெயா தடத்துக்கும் மாறிக்கொள்ளலாம். தம்புசாமிப் பிள்ளை தமிழ்ப்பள்ளி, கோயில்கள், நம் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் இருக்கும் செந்தூல், பாறைக்கும் நகரத்துக்கும் நடுவில் அமைந்த ஊர்.

கிள்ளான்: அம்மா, அப்பா, உறவுக்காரர்கள் எல்லாம் இங்கே என்றால் விட்டுவர மனம் வராது. பத்துமலை தூரம்தான், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போவதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் வாரம் ஒரு நாள் பயணம்தானே? வார நாள் பயிற்சிக்குத்தான் வழி வேண்டும். பண்டார் உத்தாமாவையும் கிள்ளான் ஜொஹான் செத்தியாவையும் இணைக்கும் ஷா ஆலம் எல்ஆர்டி தடம் கிள்ளான்வாசிகளுக்கு முக்கியமாவது இதனால்தான்.

ராவாங்: விலைக்காகப் பலர் போகும் இடம். புக்கிட் தாக்குன் பக்கம், பத்துமலையும் தூரமில்லை. ஆனால் வேலை பெட்டாலிங் ஜெயாவில் என்றால் மேலே சொன்ன 360 மணி நேரக் கணக்கை மறக்கவேண்டாம்.

இந்த நெரிசலே வேண்டாம் என்பவர்களுக்கு ஈப்போ இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுண்ணாம்பு மலைகள்தான். கோப்பெங் அருகில் குவா கண்டுவில் ஏறுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய முடிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். வேலைக்கு அலுவலகம் போகவேண்டியவர்களுக்கு அது விடுமுறை ஊராகவே இருக்கட்டும்.

மலையடிவாரம் அழகுதான், ஆனால்

ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். ஏறுவதற்கு வாகாகக் குழியும் விரிசலும் தந்த அதே மழைநீர்தான் சுண்ணாம்புப் பாறையை உள்ளிருந்து பிளக்கவும் செய்கிறது. 1973 அக்டோபரில் ஈப்போ குனோங் சீரோவில் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து அடிவாரக் குடியிருப்பின் மேல் விழுந்ததில் சுமார் 40 பேர் மாண்டனர்.

சுண்ணாம்பு மலை மட்டுமல்ல, எந்த மலைச்சரிவானாலும் எச்சரிக்கை வேண்டும். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்ததை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. அவர்கள் "மலைப்பக்கம் வீடு வேண்டாம்" என்று சொல்வது வெறும் பயமல்ல, பட்ட அனுபவம்.

பாறைச் சுவருக்கு நேர் கீழே உள்ள மனையையும், சரிவை வெட்டிக் கட்டிய கட்டடத்தையும் தவிர்ப்பது நல்லது. வாங்குவதற்கு முன்பு, அந்த நிலம் எந்த வகைச் சரிவில் இருக்கிறது என்று நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். தடுப்புச் சுவரில் விரிசல், வழிந்தோடும் சேற்று நீர், அடைத்துக்கொண்ட வடிகால் ஆகியவற்றைக் கனமழை பெய்த மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள்.

வீட்டில் பேசவேண்டியது

பிள்ளை தனியாகப் போகிறேன் என்று சொன்னால் பெற்றோர் மனத்தில் இரண்டு கவலை எழும். ஒன்று பாறை, மற்றது பிரிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும்.

பாறையைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. யாரிடம் கற்றாய்? கயிறு பிடிக்கும் துணைவர் யார்? தலைக்கவசம் போடுகிறாயா? விபத்துக் காப்புறுதியில் இந்த விளையாட்டு சேர்ந்திருக்கிறதா? சில பாலிசிகள் இதை விலக்கி வைத்திருக்கும், வாசித்துப் பார்க்கவேண்டும். அதற்கும் மேல் ஐயம் இருந்தால், பெற்றோர் ஒரு ஞாயிறு காலையில் கூடவே போய்ப் பார்க்கலாம். ஒருவர் மற்றவரின் முடிச்சைச் சரிபார்த்த பிறகே ஏறத் தொடங்குவதை நேரில் பார்த்தால் பாதி பயம் குறையும்.

பிரிவைப் பற்றிய கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்லவேண்டும். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாயா? அப்பாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது? தீபாவளி, தைப்பூசம் எங்கே? ஞாயிறு காலைப் பாறை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குக் கிள்ளான் வந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, அதைக் காப்பாற்றும் பிள்ளைகளின் வீட்டில் இந்தப் பேச்சே மறுபடி எழுவதில்லை.

கையெழுத்துக்கு முன்

முதலில் வாங்காதீர்கள், ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். பொதுவாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகையாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகையும் கேட்பார்கள். முப்பது ஆண்டுக் கடனோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

வீட்டை மூன்று வேளையில் பாருங்கள். வேலை நாள் காலை ஏழரைக்கு, மாலை ஆறரைக்கு, ஞாயிறு காலை ஏழு மணிக்கு. மூன்றாவது முறை அங்கிருந்தே பாறைக்குப் போய்ப் பாருங்கள். வெயில் ஏறும் முன் சுவர் அடியில் நிற்க முடிகிறதா? மதிய இடிமழைக்கு முன் வீடு திரும்ப முடிகிறதா? தைப்பூச வாரத்தில் பத்துமலைச் சாலைகள் எப்படி இருக்கும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வீடு எங்கே அமைந்தாலும் மலை எல்லாருக்கும் பொது. ஒரு காலத்தில் பத்துமலையில் கல் உடைத்தார்கள். 1980-களில்தான் அது நின்றது. 2012-இல் மலைக்கு அருகே 29 மாடி அடுக்குமாடித் திட்டம் தலைதூக்கியபோது கோயில் நிர்வாகத்தினரும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எதிர்த்தார்கள். மாநில அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. மலை தெரியும் வீடு வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டால், கடைசியில் வீடுகள் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் தள்ளியே குடியிருந்து, ஞாயிறு தோறும் போய்ப் பார்த்து வருவது மலைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.