பாய்ந்த உயரமும் படித்த உயரமும்

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய தீவகப் பாடசாலைகளில் ஆண்டின் முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடைபெறுகின்றன. வெற்றிக் கேடயத்துடன் வரும் பிள்ளையை ஊர் பாராட்டுகிறது. வீட்டிலோ, “விளையாட்டுச் சோறு போடுமா?” என்ற கேள்வி பிறக்கிறது. நாம் இக் கேள்வியை எள்ளி நகையாடுதல் தகாது. இதற்குரிய விடையை ஒரு மனிதரின் வாழ்விற் காண்போம்.

அவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934இற் பிறந்தவர்; யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டினம் வரும் தீவக மாணவருக்கு, கோட்டைக்கு அணித்தேயுள்ள அக்கல்லூரி புதியதன்று. உயரம் பாய்தலில் வல்லவரான அவர் 1952இல், பதினேழாம் வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கை சார்பிற் கலந்துகொண்டார். 1956இல் மெல்பேர்ணுக்கும் சென்றார்.

அக்காலத்தில் பாய்ந்தவரை ஏந்தத் தடித்த மெத்தை இல்லை; மணலிலேயே விழவேண்டும். அமெரிக்க வீரர் ஃபொஸ்பரி 1968இல் மெக்சிக்கோவில் முதுகுப்புறமாகப் பாய்ந்து தங்கம் வென்றதும், அம்முறை உலகெங்கும் பரவியதும் பிற்கால நிகழ்ச்சிகள். அத்தகைய காலத்திலேதான், 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் 2.03 மீற்றர், அதாவது 6 அடி 8 அங்குலம், பாய்ந்து எதிர்வீரசிங்கம் முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் தங்கம் அது.

அந்நாட்களை நாம் மறத்தலாகாது. டோக்கியோ விழா மே 24 முதல் ஜூன் 1 வரை நடைபெற்றது. அதே மே மாத இறுதியில் இலங்கையில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27இல் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. தாயகத்தில் தமிழர் இல்லங்கள் எரிந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு தமிழ் இளைஞர் அந்நாட்டிற்கே பெருமை தேடித் தந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

ஒலிம்பிக் காலம் முதல் ஜகார்த்தா வரை எண்ணினால் பத்தே ஆண்டுகள். அதன்பின் அவர் வாழ்ந்ததோ அறுபது ஆண்டுகளுக்கு மேல்! அந்த நீண்ட வாழ்வைத் தாங்கியது கல்வி. லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதியானார். சியரா லியோன், பப்புவா நியூகினி முதலிய நாடுகளிற் கற்பித்தார். பிற்காலத்தில் வடக்கு கிழக்கின் கல்வி, புனர்வாழ்வுப் பணிகளிலும் ஈடுபட்டார். 2024 ஏப்ரலில், எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

கால் தளரும், கற்றது தளராது. ஆயினும் விளையாட்டு வீணென்று கொள்ளலாமோ? கடல் கடந்த கல்விக்கு அவருக்கு வழி காட்டியதில் அப்பாய்ச்சலுக்கும் பங்குண்டு. இன்றும் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், விளையாட்டிற் சிறப்புற்றோர்க்கெனத் தனியான ஓர் ஏற்பாடு உள்ளது. ஆனால் உயர்தரப் பரீட்சையில் உரிய தகுதி பெற்றாலன்றி அவ்வாயில் திறவாது.

ஆதலாற் பெற்றோரே, மாலையில் மைதானத்துக்குச் செல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். மாணவரே, மைதானத்தினின்று மீண்டதும் புத்தகத்தை மறவாதீர்கள். குறிகட்டுவானுக்கு வள்ளமேறி, காற்றையும் அலையையும் பொறுத்துப் போட்டிக்கு வரும் நெடுந்தீவுப் பிள்ளைக்கு விடாமுயற்சியை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அம்முயற்சியிற் பாதியை ஏட்டுக்கும் ஈந்தால் போதும்.

சோறு போடுவது விளையாட்டா, படிப்பா என்று வழக்காடுவது வீண். பாய்வதற்கு ஒரு காலையே ஊன்றினாலும், ஓடி வருவதற்கு இரு கால்களும் வேண்டுமன்றோ!