மயிலாப்பூர் அறையில் ஒரு வாத்தியார்

திருக்கோவில் தொடங்கி கல்முனை வரை, இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இளையராஜாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருக்கு மேற்கத்திய இசையின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டரைத்தான் பலர் அறியமாட்டார்கள்.

அன்று பண்ணைப்புரத்து ராசையாவாக இருந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவர். காதால் கேட்டதை விரலில் கொண்டுவரும் திறமை அவரிடம் அப்போதே இருந்தது. 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் பாடம் நடத்திய தன்ராஜ் மாஸ்டரிடம் சேர்ந்தார்.

ஐந்து கோடுகளில் இசையை எழுதுவதும் படிப்பதும் அங்கே வசப்பட்டன. பாக், பீத்தோவன் போன்றோரின் ஆக்கங்கள் அறிமுகமாயின. ஒரே நேரத்தில் பல மெட்டுகள் தனித்தனி வழியில் நடந்தும் இணங்கி ஒலிக்கும் நுட்பம் புரிந்தது. பிற்காலத்தில் வாத்தியக் குழுவுக்கான குறிப்புகளைத் தாமே விறுவிறுவென்று எழுதிக்கொடுத்த இளையராஜாவின் வேகத்துக்கு இந்தப் பயிற்சியே அடித்தளம் என்று தாராளமாகச் சொல்லலாம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்விலும் அவர் தேறினார்.

ராசையா 'ராஜா' ஆனதும் மாஸ்டர் அழைத்த விதத்தால்தான். முன்னால் 'இளைய' சேர்த்தவர் திரைக்கதாசிரியர் பஞ்சு அருணாசலம். அந்தப் பெயரில் அவர் இசையமைத்த முதல் படம் 'அன்னக்கிளி', ஆண்டு 1976.

கிராமத்துப் பாட்டு மாஸ்டர் கொடுத்ததல்ல. அது பண்ணைப்புரத்துச் சொத்து. அதையும் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய இசையையும் கலந்தது மாணவரின் மேதைமை. பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அதேபோல் கலந்திருப்பதைத் தெளிவாகக் கேட்கலாம்.

ஏ.ஆர். ரஹ்மானும் இதே தன்ராஜ் மாஸ்டரின் மாணவர்தான்.