ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் சஸ்பென்ஷன்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் ஆகும். இதன் முன் சஸ்பென்ஷனும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனும் ஒரே வகை அமைப்பு கொண்டவை. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனை, டிரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டுக்குள் மரையால் பொருந்தியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையிலேயே சுழலும்.

இதற்குக் கிரீஸ் கூடாது, இ.பி. 90 கியர் ஆயிலே இட வேண்டும். எண்ணெய் வற்றினால் மரை துருவேறி, தண்டு முறிந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடக்கூடும்.

வீட்டில் பிரிப்போர், சுருள்வில்லை அதற்குரிய கருவியால் அழுத்திப் பிடித்த பின்னரே ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். இட, வல டிரன்னியன்களின் மரைகள் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. மாற்றிப் பூட்ட முடியாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே முழுமையாக இறுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழியும்.