நீர்த்துளிக்குள் ஓயாத ஆட்டம்

நுண்ணோக்கியில் தெரிவது நீர் கலந்த பால். யாரும் கலக்கவில்லை, ஆனாலும் கொழுப்புத் துளிகள் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. 1827-இல் மகரந்தத்தின் நுண்துகள்களில் இதைக் கண்ட தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனுக்கு, உயிர்தான் காரணமோ என்று ஐயம். நல்ல ஐயம்தான். ஆனால் கண்ணாடித் தூளும், எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையின் கல்துணுக்கைப் பொடித்த தூளும்கூட (எங்கெல்லாம் தேடியிருக்கிறார்!) அப்படியே ஆடின. நீரோட்டம் இழுக்கிறது என்றால், அருகருகே உள்ள துகள்கள் ஒரே பக்கம் போக வேண்டும். இவையோ ஆளுக்கொரு திசையில் அலைகின்றன. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் நாற்புறமும் மோதுகின்றன. ஒரு பக்கத்து மோதல் மிஞ்சும் கணத்தில் துகள் நகர்கிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் இதைக் கணக்காக்கினார். இயற்பியலாளர் ழான் பெரென் துகள்களின் நகர்வை அளந்து அதை உறுதிசெய்தார். மூலக்கூறு வெறும் ஊகமே என்று வாதிட்ட வேதியியலாளர் ஆஸ்ட்வால்டும் இறுதியில் ஒப்புக்கொண்டார். நுண்ணோக்கியின் திருகைச் சரிசெய்து, ஒரே கொழுப்புத் துளியை ஒரு நிமிடம் பின்தொடர்ந்து பாருங்கள்.