இரண்டு கொள்ளேகால்

கணிப்பொறியைப் பற்றி நம் சங்க இதழில் எழுத உனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம், கணிப்பொறி ஒரு மரத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது. வீட்டுப் பழைய கடிதங்களைக் கணிப்பொறியில் ஏற்றி வைக்க நினைக்கும் நம்மவர் குடும்பங்களுக்கு அது உதவும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் மைசூர் அசோகபுரம் ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தாயாருக்குப் பிறந்த ஊர் கொள்ளேகால். இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1956இல் மாநில எல்லைகளைத் திருத்தும் வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பது இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியாது. "நான் ஊரை விட்டு எங்கேயும் போகலை, ஊர்தான் என்னை விட்டு மைசூர் ராஜ்ஜியத்துக்கு வந்துடுச்சு" என்று அம்மா வேடிக்கையாகச் சொல்வார்.

1960இல் நான் பிறப்பதற்காக அம்மா தாய்வீடு போயிருந்த மாதங்களில் அப்பா அவருக்கு எழுதிய கடிதங்கள் 17. அவற்றில் 14 எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தன. மூன்று எப்படியோ கோவையில் இருக்கும் என் தம்பியிடம் போய்விட்டன. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதினான்கையும் அப்பாவின் கணக்கு நோட்டுகளோடு சேர்த்துக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தேன். நல்ல வேளை செய்தேன். அடுத்த மழைக்காலத்தில் பெட்டிக்குள் கரையான் புகுந்து காகிதங்களை மண்ணாக்கிவிட்டது. அதன் பிறகு நான் தட்டச்சு செய்து வைத்ததுதான் மூலம்.

அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. மாதம் ஒரு கடிதத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும். கன்னடப் பள்ளியில் படித்த என் மகள் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். இருந்தாலும் அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

கிட் என்ற காவலாளி

ஹெப்பாள் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் அவள்தான் இந்தச் சேகரம் முழுவதையும் 'கிட்' என்ற மென்பொருளில் போட்டு வைத்தாள். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைப் படிப்படியாகப் பதிந்து வைப்பதுதான் இதன் வேலை. நான் மைசூரிலும், தம்பி கோவையிலும், தம்பி மகன் புனேயிலும் ஒரே சேகரத்தில் வேலை செய்ய இது வசதியாக இருந்தது.

இதன் கதையும் சுவையானது. 'லினக்ஸ்' என்ற இயக்க மென்பொருளை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 'பிட்கீப்பர்' என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2005இல் அந்தச் சலுகை நின்றது. அவர் ஏப்ரல் 3 அன்று புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று அது தன்னுடைய நிரலைத் தானே பதிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டது! அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பை ஏற்ற ஜூனியோ ஹமானோ பல ஆண்டுகள் அதைப் பேணி வளர்த்தார்.

அதற்கு முன் பரவலாக இருந்த 'சிவிஎஸ்', ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே வைத்திருந்தது. எந்த அடைவு எங்கே நகர்ந்தது என்பதை அது குறித்துக்கொள்ளாது. 2000இல் வேலை தொடங்கப்பட்ட 'சப்வெர்ஷன்' அந்தக் குறையைப் போக்க வந்தது. முழு மரத்தையும் ஒன்றாகப் பார்த்து, அதற்கு ஒரே பதிப்பு எண் கொடுத்தது. கிட் அதே மரத்தை வேறொரு விதமாகப் பார்க்கிறது. அதைச் சொல்லும் முன் எங்கள் வீட்டு விபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

காணாமல் போன பதினான்கு

தம்பி தன்னிடம் இருந்த மூன்று கடிதங்களையும் தன் பழைய மாக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து, 'கொள்ளேகால்' என்று பெயரிட்ட அடைவில் போட்டு, சுருக்கித் தன் மகனுக்கு அனுப்பினான். பையன் அதைப் பிரித்துச் சேகரத்தில் சேர்த்தான். பார்த்தால் 'கொள்ளேகால்' என்று இரண்டு அடைவுகள்! ஒன்றைத் திறந்தான், கடிதங்கள் இருந்தன. இன்னொன்றும் அதே சரக்கின் நகலாகத்தான் இருக்கும் என்று திறக்காமலே நீக்கிவிட்டான். அவன் நீக்கியதில்தான் என் பதினான்கும் இருந்தன. மறுநாள் காலை நான் வழக்கம்போல் புதிய மாற்றங்களை இறக்கிக்கொண்டேன். என் கணிப்பொறியிலிருந்தும் அவை மறைந்தன.

அன்று மாலை அம்மாவுக்குக் கடிதம் படிக்க உட்கார்ந்த மகள், "அப்பா, மூணுதானே இருக்கு?" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பெட்டியில் காகிதமும் இல்லை. அம்மா தூணில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க அப்பா. கிட்டில் ஒரு தடவை பதிஞ்சதை அடுத்த பதிவில் நீக்கினாலும் பழைய பதிவு அப்படியே இருக்கும். எது போச்சுன்னு மரத்தில் நடந்து பார்ப்போம்" என்றாள் மகள்.

மார்க்கெட்டில் ஒரு நடை

மரம் என்று அவள் சொன்னது தலைகீழ் மரம். நம் வம்சாவளிப் படம் போல வேர் மேலே, கிளைகள் கீழே. வேர் என்பது சேகரத்தின் முதல் அடைவு. அதற்குள் அடைவுகள், அவற்றுக்குள் மேலும் அடைவுகள், நுனியில் இலைகளாகக் கோப்புகள்.

இதில் நடப்பது எப்படி? நம் தேவராஜா மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனை அனுப்பி, "ஒரு கடை விடாமல் பார்த்து வா" என்கிறோம். அவனுக்கு வரைபடம் வேண்டாம். ஒரே கட்டளை போதும்: 'கடை வந்தால் குறித்துக்கொள். சந்து வந்தால் அதற்குள் போய் இதே வேலையைச் செய். முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பி வா.' பூக்கடைச் சந்துக்குள் இன்னொரு சந்து இருந்தாலும் அதே கட்டளைதான். மரத்தில் நடக்கும் நிரலும் இப்படித்தான் தன்னைத்தானே மறுபடி மறுபடி அழைத்துக்கொள்கிறது. எத்தனை ஆழமானாலும் நிரல் நீளுவதில்லை.

ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க ஒவ்வொரு கடையிலும் இரண்டு முறை ஏறி இறங்குவது பெரிய பாடு. லினக்ஸின் நிரல் சேகரத்தில் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் உண்டு. இங்கேதான் கிட்டின் சாமர்த்தியம்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு 40 இலக்க முத்திரை ஒன்றைப் போடுகிறது கிட். ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை மாறிவிடும். அடைவு என்பது அதற்கு ஒரு பட்டியல்தான். உள்ளே இருப்பவற்றின் வகை, பெயர், முத்திரை, அவ்வளவே. அந்தப் பட்டியலுக்கும் ஒரு முத்திரை. அது மேல் அடைவின் பட்டியலில் ஏறும். ஆகவே நுனி இலையில் ஒரு எழுத்து மாறினால், அதன் கிளை, தாய்க்கிளை என்று வேர் வரை எல்லா முத்திரைகளும் மாறும். மற்ற கிளைகளில் ஒன்றும் மாறாது.

மார்க்கெட்டில் ஒவ்வொரு சந்தின் வாசலிலும் உள்ளே இருக்கும் சரக்கு முழுவதற்குமான முத்திரையைத் தொங்கவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றைய முத்திரையும் இன்றைய முத்திரையும் ஒன்றாக இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். மாறியிருந்தால் மட்டும் நுழைந்தால் போதும்.

கொம்பும் காலும்

மகள் விபத்துக்கு முந்தைய பதிவையும் பிந்தைய பதிவையும் எடுத்தாள். இரண்டின் வேர் முத்திரைகளும் வேறு. இரண்டு வேர்ப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எங்கள் சேகரத்தில் 11 அடைவுகள், 386 கோப்புகள். பட்டியலில் பெயர்கள் வரிசையாக இருப்பதால் இரண்டு விரல்களை இரண்டு பட்டியலிலும் வைத்து ஒரே சமயத்தில் இறங்கலாம். பெயரும் முத்திரையும் பொருந்தினால் இரண்டு விரல்களும் கீழே நகரும். பத்து அடைவுகள் பொருந்தின. ஒன்று மட்டும் பழையதில் இருந்தது, புதியதில் இல்லை. அந்த ஒன்றைத் திறந்தாள். பதினான்கு பெயர்கள்! மூன்று பட்டியல்களைத்தான் படித்தோம். 386 கோப்புகளில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

ஆனால் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு அடைவுகள் எப்படி இருக்க முடியும்? பட்டியலைப் பார்த்த மகளுக்கும் முதலில் புரியவில்லை. தமிழ்ப் பெயர்களை கிட் தமிழாகக் காட்டாது. நாமாக அமைப்பை மாற்றி வைத்தால் ஒழிய எண்களாகத்தான் காட்டும். 'க' என்றால் \340\256\225. பட்டியல் முழுவதும் இப்படியே!

துப்பு கொடுத்தது 'கைக்கணக்கு' என்ற அடைவு. பழைய பட்டியலில் ஒரு கொள்ளேகால் அதற்கு மேலே இருந்தது, இன்னொன்று அதற்குக் கீழே. ஒரே பெயராக இருந்தால் நடுவே மூன்றாவது ஆள் எப்படி வருவார்? எண்களை ஒப்பிட்டோம். முதல் எழுத்தான 'கொ' ஒன்றில் ஆறு எண்கள்:

\340\256\225\340\257\212

மற்றதில் ஒன்பது:

\340\256\225\340\257\206\340\256\276

இந்த இடத்தில் மகளுக்கு முன்னால் எனக்குப் புரிந்தது. இளவயதில் ஈரோட்டில் மாமா வீட்டில் தங்கித் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவனல்லவா! தட்டச்சுப் பொறியில் 'கொ' என்பது மூன்று விசை. கொம்பு, க, கால். "அம்மாடி, ஒண்ணில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக இருக்கு. இன்னொண்ணில் கொம்பு தனி, கால் தனி" என்றேன்.

அதேதான். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. பழைய மாக் கணிப்பொறிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. விண்டோஸில் நாம் தட்டச்சு செய்வது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். நம் கண்ணுக்கு ஒரே ஊர். ஆனால் கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. அதற்கு இவை இரண்டு ஊர்கள். எண் வரிசையில் 'கை' இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் வருவதால்தான் கைக்கணக்கு நடுவே வந்து நின்றது.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்

பழைய பதிவிலிருந்து அந்த அடைவை மீட்க மகளுக்கு ஒரு வரிக் கட்டளையே போதுமானதாக இருந்தது. பிறகு தம்பியின் மூன்று கோப்புகளையும் சேர்ந்த வடிவப் பெயருள்ள அடைவுக்கு மாற்றி, பதினேழையும் ஒன்றாக்கினோம். புனேயிலிருந்து தம்பி மகன், "மன்னிச்சிடுங்க பெரியப்பா" என்று நாலு முறை சொன்னான். தவறு அவனுடையது மட்டுமா? ஒரே மாதிரி தெரிகிற இரண்டு ஒன்றுதான் என்று யாருமே நினைப்போம்.

நம்மவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பல ஊர்களில் இருக்கும் உறவினர்கள் சேர்ந்து தொகுக்கும்போது கோப்புப் பெயரில் '1960-03' என்பதுபோல் ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் வையுங்கள். தமிழ் உள்ளே இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு வந்தால், இரண்டையும் திறந்து பார்க்காமல் ஒன்றையும் நீக்காதீர்கள். கிட் பழையதை நினைவில் வைக்கும் என்பது உண்மை. ஆனால் அது இருக்கும் வட்டே பழுதானால் நினைவும் போய்விடும். ஆகவே குறைந்தது மூன்று வீடுகளில் பிரதி இருக்கட்டும்.

கிட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. காலி அடைவை அது நினைவில் வைப்பதில்லை. உள்ளே ஒரு கோப்பாவது இருந்தால்தான் அந்தக் கிளை மரத்தில் ஏறும். 'அம்மா சொன்னது' என்று ஓர் அடைவை நான் எப்போதோ உண்டாக்கி வைத்திருந்தேன். என்றாவது அம்மாவிடம் கேட்டு எழுதலாம் என்று நினைத்து, ஒன்றும் எழுதாமலே விட்டிருந்தேன். அன்று மரத்தில் நடந்தபோதுதான் கவனித்தேன், எந்தப் பதிவிலும் அது இல்லை. என் கணிப்பொறியில் மட்டும் காலியாகக் கிடந்தது.

அன்றிரவு மகள் எழுத்துக் கூட்டி அப்பாவின் கடிதம் ஒன்றைப் படித்தாள். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அப்பா மூன்று பெயர்களை எழுதிக் கேட்டிருந்தார். படித்து முடித்ததும், "நான் அதுக்கு என்ன பதில் போட்டேன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார் அம்மா.

நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா எழுதிய பதில்களில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மகள் கணிப்பொறியை என் பக்கம் தள்ளினாள். அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். அந்தக் காலி அடைவில் முதல் கோப்பு ஏறியது. மறுநாள் காலை கோவையிலும் புனேயிலும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.